சண்முகத்துக்கு, பான்டியாக் பற்றி

ரோசெஸ்டர் ஹில்ஸ், மிச்சிகன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கம்பு ஊன்றாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலி குறைந்துவிட்டது என்று பிசியோதெரபியைப் பாதியில் நிறுத்திவிடாதே. பட்டறையைத் தம்பி மகன் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறான் என்கிறாய். என்ஜின் சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் ரீபோர் வேலைக்கு வண்டி வந்தால் அவனே செய்யட்டும், நீ நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடு, போதும்.

இங்கே எல்லோரும் சுகம். பனி ஒருவழியாக விட்டது. சின்னவள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள், வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. மீனாட்சி உன் வீட்டம்மாவை அடிக்கடி விசாரிக்கிறாள். அவர் சொன்ன பூண்டு ஊறுகாய்ப் பக்குவம் இங்கே நன்றாகவே வந்தது.

சரி, உன் பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பானெட் முழுக்கச் சிறகு விரித்த பொன்னிறப் பறவையோடு ஒரு கறுப்பு பொம்மைக் கார் வைத்திருக்கிறானே, அது பான்டியாக் ஃபயர்பேர்ட், டிரான்ஸ் ஆம். 1977இல் வந்த ஒரு சினிமாவால் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய வண்டி. இவ்வளவு அழகான கார் செய்த கம்பெனியை ஏன் மூடினார்கள் என்று கேட்டிருக்கிறான். என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பான்டியாக் என்ற ஊர் இருக்கிறது. அந்தக் காரைச் செய்தவர்கள் நடுவில்தான் இத்தனை வருஷம் குடியிருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

1763இல் டெட்ராய்ட் கோட்டையை வளைத்து ஆங்கிலேயரோடு போரிட்ட ஒட்டாவா இனத் தலைவரின் பெயர் பான்டியாக். ஊருக்கு அந்தப் பெயர், ஊரிலிருந்து காருக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) 1909இல் வாங்கிய ஓக்லண்ட் என்ற கம்பெனி, 1926இல் மலிவான இரண்டாவது ரகமாக பான்டியாக்கை விற்க ஆரம்பித்தது. அது தாய்க் கம்பெனியையே விழுங்கிவிட்டது. 1931இல் ஓக்லண்ட் போனது, பான்டியாக் நின்றது. அப்புறம் ஒரு கால் நூற்றாண்டு அது சுவாரசியம் இல்லாத, நம்பகமான குடும்பக் கார்தான். பானெட்டின் நடுவில் வெள்ளிப் பட்டைகள் ஓடும், மூக்கில் அந்தத் தலைவரின் தலைச் சிற்பம் இருக்கும். பள்ளிக்கூட ஆசிரியரும் பாதிரியாரும் வாங்குகிற வண்டி.

1956இல் செமன் கனூட்சன் அந்தப் பிரிவுக்குத் தலைவராக வந்தார். வயது 43. முதல் வேலையாக அந்த வெள்ளிப் பட்டைகளைப் பிடுங்கி எறிந்தார். அவருடைய அப்பாவும் ஜி.எம்.மில் தலைவராக இருந்தவர், பான்டியாக்கில் அந்தப் பட்டைகள் வந்ததே அப்பா காலத்தில்தான். வாலிபனுக்கான காரைக் கிழவனுக்கு விற்கலாம், கிழவனுக்கான காரை வாலிபனுக்கு விற்க முடியாது என்பது அவர் சொன்னதாக இங்கே எல்லோரும் சொல்லும் வாசகம். சொன்னதோடு நிற்காமல் பீட் எஸ்டெஸ் என்ற பொறியாளரையும், பாக்கர்ட் கார் கம்பெனியிலிருந்து ஜான் டெலோரியன் என்ற பொறியாளரையும் கூட்டிவந்தார். 1959இல் சக்கரங்களைச் சில அங்குலம் வெளியே தள்ளி வண்டிக்கு ஒரு அகலமான நிலைப்பைக் கொடுத்தார்கள். டேட்டோனா 500 பந்தயத்தில் 1961இலும் 1962இலும் பான்டியாக்தான் ஜெயித்தது. 1960களின் பெரும்பகுதியில் அமெரிக்க விற்பனையில் செவ்ரோலெட், ஃபோர்டுக்கு அடுத்த மூன்றாம் இடம் பான்டியாக்குடையது.

1963 ஜனவரியில் ஜி.எம். தலைமை, எந்தப் பிரிவும் இனிமேல் பந்தயத்துக்குப் பணம் செலவழிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. பந்தயத்தாலேயே பேர் வாங்கிய பான்டியாக்குக்கு இது பெரிய அடி. அதிலிருந்து பிறந்ததுதான் ஜி.டி.ஓ. என்ற வேகக் கார்.

உனக்கு இந்த இடம் பிடிக்கும் என்று தெரியும், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். மில்ஃபோர்டில் ஜி.எம்.முக்குச் சோதனை ஓட்டக் களம் இருக்கிறது. டெலோரியன் அப்போது தலைமைப் பொறியாளர். பில் காலின்ஸ், ரஸ் ஜீ என்ற பொறியாளர்களோடு சனிக்கிழமைகளில் அங்கே போய் வண்டிகளைத் தூக்கி வைத்துப் பார்ப்பார். வரப்போகிற டெம்பெஸ்ட் காரின் அடியில் நின்றுகொண்டிருந்தபோது, இதில் இருக்கும் 326 கன அங்குல என்ஜினும் பெரிய காரின் 389உம் வெளி அளவில் ஒன்றுதானே, அதே மவுண்டில் அப்படியே உட்காரும் என்றாராம் காலின்ஸ். பான்டியாக்கின் வி8இல், அதாவது எட்டு சிலிண்டர் என்ஜினில், இது ஒரு தனிச் சிறப்பு. பிளாக்கின் வெளி அளவை மாற்றாமலே உள்ளே சிலிண்டரின் போரையும் பிஸ்டனின் ஸ்ட்ரோக்கையும் மாற்றி 326இலிருந்து 455 வரை கொண்டுபோனார்கள். கொஞ்ச நாளிலேயே 389 ஏற்றிய வண்டி களத்தில் ஓடியது.

ஒரு இடைஞ்சல் இருந்தது. அந்த அளவுக் காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. தனி மாடலாக வெளியிட்டால் தலைமை தடுத்துவிடும். ஆனால், வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்கும் ஆப்ஷனுக்கு மேலிடத்தின் அனுமதி தேவையில்லை. அதனால் 1964 டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் முந்நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவான ஓர் ஆப்ஷனாக ஜி.டி.ஓ.வை நுழைத்தார்கள். பெயர் பெராரியிடமிருந்து எடுத்தது. பிரிவுத் தலைவராகிவிட்ட எஸ்டெஸ் தன் தலையில் வருகிற பழியை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். 5,000 வண்டிகூடப் போகாது என்றார் விற்பனைத் தலைவர். முதல் வருஷமே 32,450 போனது. 1966இல் 96,946. மற்றக் கம்பெனிகள் எல்லாம் அதன் பின்னாலேயே ஓடிவந்தன. நடுத்தரக் காரில் பெரிய என்ஜினை ஏற்றி விற்ற அமெரிக்காவின் மசில் கார் காலம் அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பான்டியாக் என்ஜின் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு 1965 ஜி.டி.ஓ. இருக்கிறது, ஹெட்லைட் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்குமே, அந்த மாடல். பானெட்டைத் திறந்தால் வெளிர் நீலம் அடித்த என்ஜின், அதன்மேல் வரிசையாக ரோசெஸ்டர் கம்பெனியின் மூன்று கார்புரேட்டர். சாதாரணமாக ஓட்டும்போது நடுவில் இருப்பது மட்டும் வேலை செய்யும். ஆக்சிலரேட்டரை முக்கால்வாசிக்கு மேல் மிதித்தால்தான் கம்பி இழுத்து முன்னும் பின்னும் இருக்கிற இரண்டும் திறக்கும். 360 குதிரைத்திறன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்த மாற்றத்தைக் கேட்க வேண்டும் சண்முகம். அதுவரை சாதுவாக முனகிக்கொண்டிருந்த என்ஜின் ஒரே மூச்சாகக் காற்றை இழுக்கும், முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். பெரியவர் அதைக் கையால் திருகித் திருகி மூன்றையும் சமப்படுத்தும் அழகைப் பார்த்தால் நீ உன் பட்டறையை மறந்துவிடுவாய்.

அந்த உயரத்திலிருந்து எப்படி விழுந்தது? பலரும் சொல்லும் காரணங்கள் உண்மைதான். வாலிபர்கள் வாங்கும் வேகமான வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின. 1970இல் காற்று மாசுச் சட்டம் வந்தது, 1971 மாடலிலேயே என்ஜினின் கம்ப்ரஷனைக் குறைத்தார்கள், திறனும் குறைந்தது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை. 1974க்குப் பிறகு ஜி.டி.ஓ. இல்லை. ஆனால் இவை எல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் விழுந்த அடி. ஜி.எம்.மின் இன்னொரு பிரிவான செவ்ரோலெட் இன்றைக்கும் இருக்கிறது. எண்ணெய்த் தடைக்குப் பிறகும் பான்டியாக் துவண்டு போய்விடவில்லை, 1979இல் டிரான்ஸ் ஆம் மட்டும் 1,17,108 விற்றது. பான்டியாக் வரலாற்றில் அது ஒரு பொன்னான வருஷம்.

நோய் அதே 1979 காரில்தான் தெரிகிறது என்பது என் எண்ணம். பேரனின் பொம்மையில் பானெட்டிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்கூண்டைப் பார்க்கச் சொல். அந்த வருஷத்து நிஜக் காரில் அதன் பக்கத்தில் 'டி/ஏ 6.6' என்று ஸ்டிக்கர் இருந்தால் உள்ளே பான்டியாக்கின் சொந்த 400 என்ஜின், 220 குதிரைத்திறன். '6.6 லிட்டர்' என்று இருந்தால் உள்ளே இருப்பது ஜி.எம்.மின் வேறொரு பிரிவான ஓல்ட்ஸ்மொபீலின் 403, 185 குதிரைத்திறன். வெளியே அதே பறவை. 1981இல் பான்டியாக் தன் வி8ஐ அடியோடு நிறுத்தியது. அடுத்த வருஷத்து ஃபயர்பேர்டில் வந்த வி8 செவ்ரோலெட்டுடையது. 1984இல் ஜி.எம். தன் பிரிவுகளைக் கலைத்துப் பெரிய குழுக்களாக அடுக்கியபோது பான்டியாக்கின் பொறியியல் பிரிவும் செவ்ரோலெட்டோடு கரைந்தது. காலின்ஸ் மாதிரி ஒருவர் சனிக்கிழமை வண்டிக்கு அடியில் நின்று யோசிக்க பான்டியாக்குக்கென்று ஆளும் இல்லை, களமும் இல்லை. மிஞ்சியது விளம்பர இலாகா. ஒரே சமையலறையில் ஆக்கியதை ஐந்து ஓட்டல் பலகை மாட்டி விற்கிற வேலை. பான்டியாக் என்று தனியாகத் தெரிய வேண்டுமே என்று கதவுகளில் பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டினார்கள்.

என்னைக் கேட்டால், மூடுவதாக அறிவித்த 2009இல் பான்டியாக் போகவில்லை. 1981க்கும் 1984க்கும் நடுவில் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார், ஃபியரோவைக் காட்டுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1984இல் வந்த ஃபியரோ இரண்டு சீட், நடுவில் என்ஜின், இரும்புக் கூட்டின்மேல் பிளாஸ்டிக் உடல். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஆபீஸ் வண்டி என்று சொல்லித்தான் மேலிடத்தில் பணம் வாங்கினார்கள். அந்தப் பணமும் போதவில்லை. முன் சஸ்பென்ஷன் செவெட் என்ற சின்னக் காரிலிருந்து, பின்னால் இருப்பது இன்னொரு காரின் முன்பகுதியை அப்படியே திருப்பி வைத்தது, என்ஜின் 92 குதிரைத்திறன். இருந்தும் முதல் வருஷம் 1 லட்சத்து 36 ஆயிரத்துக்கு மேல் போனது. பிறகு என்ஜினில் தீப்பிடித்துப் பேர் கெட்டது. 1988இல் ஒழுங்கான சஸ்பென்ஷன் கொடுத்தார்கள், வண்டி முதன்முறையாக ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓடியது, அந்த வருஷமே நிறுத்தியும் விட்டார்கள். பான்டியாக் ஊர்க்காரர்கள் கையால் செய்த வண்டி அது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 மாடல் ஆஸ்டெக் காரை இணையத்தில் பார், அவ்வளவு அவலட்சணம், நானே வர்ணிக்க விரும்பவில்லை. 2002இல் ஃபயர்பேர்ட் நின்றது. 2004இல் ஜி.டி.ஓ. என்ற பெயர் திரும்பி வந்தது, ஆனால் வண்டி, ஜி.எம்.மின் ஆஸ்திரேலியக் கம்பெனியான ஹோல்டன் செய்த மொனாரோ. 2008இல் ஜி8, அதுவும் ஹோல்டன்தான். பின்சக்கர டிரைவ், 6 லிட்டர் வி8, 361 குதிரைத்திறன். அருமையான வண்டி, ஒருமுறை ஓட்டியிருக்கிறேன். முப்பது வருஷத்தில் வந்த சிறந்த பான்டியாக்கை இன்னொரு கண்டத்திலிருந்து கப்பலில் இறக்க வேண்டியிருந்தது என்றால், நிலைமையைப் புரிந்துகொள்.

அப்புறம் 2008இன் பண நெருக்கடி. அரசாங்க உதவி கேட்டுப்போன ஜி.எம்., 2009 பிப்ரவரியில் பான்டியாக்கைச் சிறியதாக வைத்துக்கொள்வோம் என்றது. ஏப்ரல் 27ஆம் தேதி மூடுவோம் என்றது. சீனாவில் நன்றாக விற்றதால் ஜி.எம்.மின் இன்னொரு பிரிவான பியூக் தப்பித்தது. அந்த நவம்பரில் ஓரியன் ஆலையிலிருந்து கடைசியாக வந்தது ஒரு வெள்ளை ஜி6. குடும்பக் கார். அதே வருஷம் பான்டியாக் ஊரின் டிரக் ஆலையையும் மூடினார்கள். நகராட்சியே கடனில் தத்தளித்து, மாநில அரசு நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. கார் ரசிகர்கள் எழுதும் பான்டியாக் கதையில் இந்தப் பகுதி வருவதே இல்லை. அந்த ஆலைச் சம்பளத்தில் வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பேரனிடம் இத்தனையும் சொல்ல வேண்டாம். சொந்த என்ஜினையும் அதைச் செய்கிற ஆட்களையும் எடுத்துவிட்டுப் பறவைப் படத்தை மட்டும் விட்டுவைத்தார்கள், அதனால் மூட வேண்டி வந்தது என்று சொல், புரிந்துகொள்வான்.

முட்டி நன்றாக ஆறியதும் விசாவுக்கு மனுப் போடு. ஆகஸ்ட் மாதம் மூன்றாம் சனிக்கிழமை இங்கே உட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும். டெட்ராய்டிலிருந்து பான்டியாக் வரை போகிற அதே சாலைதான், ஜி.டி.ஓ.க்கள் இரவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட இடம். பெரியவரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறேன், மூன்று கார்புரேட்டரையும் கழற்றிக் காட்டுவார். பேரனுக்குப் பள்ளி விடுமுறை கிடைக்குமா என்று கேட்டு எழுது. வரும்போது தம்பி மகனிடம் சொல்லி, என் அப்பாவின் பழைய மைக்ரோமீட்டர் பட்டறை அலமாரியில் இருந்தால் கொண்டுவா.

அன்புடன்,
சந்திரன்