டி.வி. வாங்கும் முன் கூடத்தை அளந்துகொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழோடு வந்த விளம்பர இணைப்பைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். நான்கு பக்கமும் டி.வி. விளம்பரங்கள், கடலூர்க் கடைகள் பாதி, புதுச்சேரிக் கடைகள் பாதி. எல்லாவற்றிலும் 4கே, 8கே, அல்ட்ரா எச்.டி. என்று கொட்டை எழுத்துகள். அந்த எண் எதைக் குறிக்கிறது, யார் வீட்டுக்கு அது தேவை, யார் வீட்டில் அது வீண் என்று ஒரு வரிகூட இல்லை. இந்த எண்ணை நம்பித்தான் என் தங்கை போன மாதம் ஏமாந்தாள்.

தங்கை நெல்லிக்குப்பத்தில் இருக்கிறாள். ஏலச்சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் ஒரு கடையில் 32 அங்குல டி.வி. வாங்கினாள். அட்டைப்பெட்டியின் முகப்பில் ‘4கே சப்போர்ட்’ என்று அச்சிட்டிருந்தது. “இது 4கே என்பதால் இரண்டாயிரம் ரூபாய் கூடுதல்” என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். நான் போனபோது பெட்டி பரண்மேல் இருந்தது. இறக்கி, பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒட்டியிருந்த விவரச்சீட்டைப் படித்தேன். 1366 × 768 என்றிருந்தது. திரையில் குறுக்கே 1366, மேலிருந்து கீழே 768 ஒளிப்புள்ளிகள் (பிக்சல்) என்று பொருள். எச்.டி. ரெடி எனப்படும் திரை அது. அதில் இருப்பவை பத்தரை லட்சம் புள்ளிகள். 4கே திரை என்றால் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் இருக்க வேண்டும். ‘4கே சப்போர்ட்’ என்ற சொல்லுக்கு, 4கே காணொளியைக் கொடுத்தால் அந்த டி.வி. அதை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே பொருள். வாங்கியதைச் சுருக்கித் தன்னிடம் உள்ள பத்தரை லட்சம் புள்ளிகளில்தான் காட்டும். ரசீதைக் கேட்டேன். ‘32 எல்.இ.டி. டி.வி. - 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. ‘4கே’ என்று ரசீதில் எழுதி வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லவாவது கையில் வலுவான பிடி இருந்திருக்கும்.

இதில் எனக்குப் பெரிய வேதனை என்னவென்றால், அவள் வீட்டுக்கு அந்த எச்.டி. ரெடி திரையே போதும். பாய் விரித்து உட்காரும் இடத்துக்கும் டி.வி.க்கும் நடுவே ஏழடி. அந்தத் தூரத்தில் 32 அங்குலத் திரையில் புள்ளிகளைக் கண் பிரித்துப் பார்க்காது. தேவையும் இல்லாத, பெட்டிக்குள்ளும் இல்லாத ஒன்றுக்கு இரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்திருக்கிறாள்.

நான் 31 ஆண்டுகள் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவன். புள்ளிதான் எங்கள் பிழைப்பு. செய்தித்தாள் படத்துக்கு 85 அல்லது 100 ஸ்கிரீன், வழவழப்பான தாளில் அடிக்கும் அழைப்பிதழுக்கும் காலண்டருக்கும் 133, 150, 175 ஸ்கிரீன் என்று போடுவோம். அங்குலத்துக்கு அத்தனை வரிசைப் புள்ளிகள் என்று கணக்கு. தங்கள் நாளிதழின் முதல் பக்கப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வெறும் புள்ளிக் கூட்டம்தான் தெரியும். கையை நீட்டிப் பிடித்தால் அதுவே ஒரு முகம். மஞ்சக்குப்பத்தில் சாலையோரம் கட்டும் ஃபிளெக்ஸ் பேனருக்கு அருகில் போய் நின்று பாருங்கள், புள்ளிகள் எவ்வளவு பெரியவை என்பது தெரியும். பஸ்ஸில் போகிறவருக்கு அது குறையாகப் படுவதில்லை. எவ்வளவு புள்ளி வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்றுதான் அச்சகத்தில் முதலில் கேட்போம். டி.வி. கடையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. கோணத்தில் ஒரு பாகையை (டிகிரியை) அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு வரைக்கும் நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும். கண் மருத்துவமனையில் 6/6 என்று எழுதுவது இந்தப் பார்வையைத்தான். அதை வைத்துக் கணக்குப் போட்டால், ஃபுல் எச்.டி. எனப்படும் 1920 × 1080 திரையில், 43 அங்குலமானால் ஐந்தரை அடிக்கு அப்பால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 55 அங்குலமானால் ஏழடிக்குச் சற்று அப்பால். அதற்கும் தள்ளி உட்காருகிறவருக்கு 4கே திரையின் கூடுதல் புள்ளிகள் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாது. 43 அங்குல 4கே திரையின் முழு நுணுக்கமும் தெரிய வேண்டுமானால் மூன்றடிக்குள் உட்கார வேண்டும். எந்த வீட்டில் அப்படி உட்காருகிறார்கள்?

கடையில் மட்டும் அப்படித்தான் நிற்கிறோம். நடைபாதை போலக் குறுகிய இடம், இரு பக்கமும் டி.வி.க்கள், முகத்துக்கு மூன்றடியில் திரை. அதில் ஓடுவதோ நிறுவனமே தந்த மாதிரிக் காட்சி: தேன்சிட்டின் இறகு, மாதுளை முத்து, பனித்துளி. 4கே-யில் எடுத்து 4கே-யில் ஓட்டுவது. அங்கே வித்தியாசம் பளிச்சென்று தெரியத்தான் செய்யும். வீட்டுக்கு வந்தால் தூரம் ஒன்பதடி, ஓடுவது கேபிள் சேனல்.

கேபிளில் வரும் சாதாரண எஸ்.டி. சேனலின் படம் 720 × 576. நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். இதை 4கே திரை முழுவதும் நிரப்ப வேண்டுமானால் வந்த ஒரு புள்ளியை இருபதாக்க வேண்டும். பத்தொன்பது புள்ளிகளை டி.வி. தானாக ஊகித்து இட்டு நிரப்புகிறது. அச்சகத்தில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் இறந்துபோனதும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு வருவார்கள். கையில் இருப்பது ரேஷன் அட்டையிலிருந்து எடுத்த தபால்தலை அளவுப் படம். “இதைப் பெரிதாக்கிக் கொடுங்கள் ஐயா” என்பார்கள். இரவு முழுவதும் உட்கார்ந்து சரிசெய்தாலும் கண்ணும் மூக்கும் மசமசவென்றுதான் வரும். படத்தில் இல்லாத நுணுக்கத்தை எந்த இயந்திரமும் கொண்டுவர முடியாது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் தந்த 14 அங்குலப் பெட்டியில் படம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று பலரும் என்னிடம் சொல்வதுண்டு. உண்மைதான். சின்ன இடத்தில் புள்ளிகள் நெருங்கி நின்றன.

எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 55 அங்குல 4கே டி.வி. வாங்கினார். பத்து நாள் கழித்து, “தம்பி, பழைய டி.வி.யே தேவலை போலிருக்கிறது, முகமெல்லாம் பஞ்சு பஞ்சாகத் தெரிகிறது” என்று அழைத்தார். போய் டி.வி.யின் பின்புறம் கையை விட்டுப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸ் எச்.டி. பாக்ஸ்தான். ஆனால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏவி கேபிளில் இணைத்திருந்தார்கள். அந்தக் கேபிளில் எச்.டி. படம் வராது, மஞ்சள் முனை எஸ்.டி. படத்தைத்தான் கடத்தும். பாக்ஸோடு தந்த எச்.டி.எம்.ஐ. கேபிள் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அதை மாட்டி, டி.வி.யின் இணைப்பையும் பாக்ஸின் அமைப்பையும் மாற்றி, எச்.டி. சேனல் ஒன்றை வைத்தேன். அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “செய்தி வாசிக்கிற பெண்ணின் புடவைக் கரை தெரிகிறதே!” என்றார். புது டி.வி. வாங்கிய மகிழ்ச்சி அந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் வந்தது. இப்படி எத்தனை வீடுகளில் எச்.டி.எம்.ஐ. கேபிள் உறைக்குள் தூங்குகிறதோ. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இன்றே டி.வி.யின் பின்புறம் பாருங்கள்.

இணையத்தில் படம் பார்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டுமானால் உயர்ந்தபட்சச் சந்தா கட்ட வேண்டும், விநாடிக்கு 15 மெகாபிட் வேகமும் தேவை. எச்.டி.க்கு மணிக்கு 3 ஜி.பி. வரை ஆகும் டேட்டா, 4கே-க்கு 7 ஜி.பி. வரை போகும். கைப்பேசி டேட்டாவைப் பகிர்ந்து பார்க்கும் வீடுகளுக்கு இது கட்டுப்படியாகாது. 8கே பற்றிப் பேச ஒன்றுமில்லை. தமிழில் 8கே-யில் ஒளிபரப்பும் சேனல் ஒன்றுகூடக் கிடையாது.

4கே வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 50, 55 அங்குலத்துக்குப் போனால் கடைகளில் பெரும்பாலும் 4கே-தான் கிடைக்கிறது, அதைத் தாராளமாக வாங்கலாம். நல்ல 4கே டி.வி.க்களில் வெளிச்சமும் நிறமும் மேம்பட்டிருக்கும். தள்ளி உட்கார்ந்தாலும் அது தெரியும். கணினித் திரையாகப் பயன்படுத்தும் பிள்ளைகளுக்கும், அருகில் உட்கார்ந்து விளையாடுகிறவர்களுக்கும் கூடுதல் புள்ளிகள் நன்றாகவே உதவும். 32 அங்குலத்தில்தான் இந்த எண்ணுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்கிறேன்.

என் வீட்டில் நான் செய்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 81 வயது, இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. அம்மாவின் சாய்வு நாற்காலியிலிருந்து சுவர் வரை டேப் வைத்து அளந்தேன். ஒன்பதடி இரண்டு அங்குலம். 43 அங்குல ஃபுல் எச்.டி. டி.வி. வாங்கினேன். 4கே-க்குப் போகாமல் மிச்சமான பணத்தில் எச்.டி. பாக்ஸும், அம்மா பார்க்கும் சேனல்களின் எச்.டி. வடிவங்களும் எடுத்தேன். அடியில் ஓடும் செய்தி வரியை நாற்காலியில் இருந்தபடியே அம்மா எழுத்துக்கூட்டாமல் படிக்கிறார்.

புதுச்சேரிக்குப் போனால் வரி குறைவு என்ற பேச்சும் இன்னும் ஓயவில்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு நேரு வீதியிலும் எங்கள் லாரன்ஸ் சாலையிலும் டி.வி.க்கு ஒரே வரிதான். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு 28 விழுக்காடாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பெரிய திரை வாங்கும் ஆசை பலருக்கு வந்திருப்பதும் இதனால்தான். வரியில் மிச்சமான பணம் தேவையில்லாத எண்ணுக்குப் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

கடைக்குப் போகிறவர்கள் நாற்காலியிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே அதே தூரம் பின்னால் தள்ளி நின்று பாருங்கள். மாதிரிக் காட்சியை நிறுத்திவிட்டு, வீட்டில் பார்க்கும் சேனலை வைக்கச் சொல்லுங்கள். திரையின் சொந்தப் புள்ளிக் கணக்கை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. டி.வி. விளம்பரங்களில் திரையின் அளவை 80 செ.மீ., 108 செ.மீ. என்று தெளிவாக அச்சிடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே 1366 × 768 என்றோ 3840 × 2160 என்றோ திரையின் உண்மையான புள்ளிக் கணக்கையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று விளம்பரதாரர்களிடம் கேளுங்கள். பக்கம் வடிவமைத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு அரை அங்குல இடம்கூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.