முப்பது கிலோமீட்டருக்கு முப்பது இட்லி

கோவில்பட்டி,
நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. போன வாரக் காற்றில் கொல்லையில் முருங்கை ஒரு கிளை ஒடிந்து விழுந்துவிட்டது. இன்னும் நாலு செய்தி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு அதில் நிற்கவில்லை.

பாண்டி போனில் நீ ஓடுகிற படத்தைக் காட்டினான். ஃபுல் மாராத்தானுக்குப் பேர் கொடுத்திருக்கிறாய் என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவனிடம் சொல்லத் தோன்றவில்லை உனக்கு. சரி, அது போகட்டும். 42.195 கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று என் மகள் துணிந்திருக்கிறாள். இதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் படத்தில் கழுத்தெலும்பு இரண்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சாப்பிடுகிறாயா இல்லையா?

ஓட வேண்டாம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்து மடித்து வைத்துவிடாதே. இந்தப் பயிற்சி உடம்புக்குச் செய்கிற நன்மையை நான் நன்றாக அறிவேன். லண்டனில் முதல்முறையாக மாராத்தான் ஓடப்போகிற 138 பேரைப் பயிற்சிக்கு முன்னும் ஓடி முடித்த பின்னும் சோதித்துப் பார்த்து, 2020-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதப் பயிற்சியில் பெருந்தமனியின் விறைப்பு தளர்ந்து, இரத்தக் குழாய்க்கு ஏறக்குறைய நாலு வயது குறைந்த மாதிரி ஆகியிருந்தது. பிரஷரும் இறங்கியிருந்தது. அவர்கள் யாரும் பெரிய ஓட்டக்காரர்கள் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மெதுவாக ஓடியவர்கள்தான். நம் வீட்டில் தாத்தா முதல் எல்லோருக்கும் பிரஷர் இருப்பது உனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் படுத்தபடியே நாடியைப் பிடித்து எண்ணு. ஆரம்பித்தபோது 76 இருந்தது இப்போது 62-க்கு வந்திருந்தால், ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுகிற இரத்தம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். கால் தசைகளில் நுண்குழாய்கள் பெருகும், கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகும், தூக்கம் நன்றாக வரும். ஓடினால் முட்டி தேயும் என்று அத்தை சொல்வாள். அளவாக ஓடுகிறவர்களுக்கு முட்டித் தேய்மானம் உட்கார்ந்தே இருப்பவர்களை விடக் குறைவாகத்தான் காணப்படுகிறது.

ஆனால் இத்தனை நன்மையும் ஓடும்போது வருவதில்லை, பாப்பா. ஓட்டம் உடம்பை உடைக்கும். சோறும் தூக்கமும்தான் திரும்பக் கட்டும். கட்டப் பொருள் இல்லையென்றால் உடைந்தது உடைந்தபடி கிடக்கும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. உன் எடை 52 என்றால் 30 கிலோமீட்டருக்கு 1,560 கலோரி. ஒரு இட்லி 50 கலோரி என்று வைத்துக்கொள், முப்பது இட்லி. இது ஓட்டத்துக்கு மட்டும். ஆபீஸ் போவது, மாடி ஏறுவது, எலும்பு, இரத்தம் எல்லாவற்றுக்கும் நீ வழக்கமாகச் சாப்பிடுவது தனி. ஒரே நாளில் முப்பது இட்லி தின்னச் சொல்லவில்லை. நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள், அன்றைக்கு, மறுநாள் என்று மூன்று நாளில் பிரித்து உள்ளே போக வேண்டும். நீ பச்சைக் காய்கறியும் ஒரு கிண்ணம் ஓட்ஸும் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறாய் என்று பாண்டி சொல்கிறான். வயிறு நிறையும், கணக்கு நிறையாது. இராத்திரி சோறு வேண்டாம் என்று யார் சொன்னாலும் இப்போதைக்குக் கேட்காதே.

தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிற சர்க்கரை மொத்தமே நானூறு ஐந்நூறு கிராம்தான். அது 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது தீரும். அங்கேதான் பெரிய பெரிய ஆட்களெல்லாம் திடீரென்று நடக்க ஆரம்பிப்பார்கள். அதனால் முதல் அரை மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு பெரிய வாழைப்பழத்தில் 25 கிராம் இருக்கும். நாலு பேரீச்சம்பழத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவு. ஓட்டக்காரர்களுக்கு என்று விற்கிற சர்க்கரை ஜெல் வாங்கினால் தண்ணீரோடு எடு. எதுவானாலும் பயிற்சியில் வயிற்றுக்குப் பழக்காமல் போட்டியன்று முதல்முறையாக வாயில் வைக்காதே. கடலை மிட்டாய் ஓட்டத்துக்கு நடுவில் வேண்டாம், கடலையின் கொழுப்பு வயிற்றில் தங்கிக் குமட்டும். ஓடி முடித்து அரை மணிக்குள் அதில் இரண்டு பட்டை சாப்பிடு. கூடவே இரண்டு முட்டை.

தண்ணீர் விஷயம். மெட்ராஸ் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை சாதாரணம். ஓடும் முன்னும் பின்னும் எடை பார். ஒரு கிலோ குறைந்தால் குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டாய், அதுவும் ஆபத்து. வெறும் தண்ணீரை மொடா மொடாவாகக் குடித்து இரத்தத்தில் உப்பு இறங்கி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதே, தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

இன்னும் ஏழு வாரம். இதுவரை 26 கிலோமீட்டர் ஓடியிருக்கிறாயாம். அடுத்த ஞாயிறு 28, அதற்கடுத்த வாரம் இறக்கி 20, டிசம்பரில் 30, பிறகு 32. அதோடு நிறுத்து. நாற்பதும் ஓடிப் பார்த்துவிடுவோம் என்று ஆசைப்படுகிறவர்கள் போட்டியைப் பயிற்சியிலேயே ஓடித் தீர்த்துவிடுவார்கள். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வா. அப்போது கால் கனக்கும், பயிற்சி எல்லாம் வீணாகிவிட்டது போலத் தோன்றும். வீணாகாது. நீண்ட ஓட்டம் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் இருக்கட்டும். முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நெஞ்சும் மூச்சும் ஆறு வாரத்தில் தேறிவிடும். தசையை எலும்போடு கட்டுகிற நாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஓடித்தான் எலும்பில் அடி வாங்குவார்கள்.

மழையில் ஷூ நனைந்தால் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வை, வெயிலில் போடாதே. 600, 700 கிலோமீட்டர் ஓடிய ஷூவை மாற்று. அவ்வளவுதான் ஷூ.

சாப்பிடு என்று மறுபடியும் எழுதத் தோன்றுகிறது.

அம்மாவிடம் ஒரு தடவை கீழ்க்கால் வலிக்கிறது என்றாயாம். அப்புறம் கேட்டால் ஒன்றுமில்லை என்று மழுப்பினாயாம். உட்கார்ந்து கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கிற எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வா. ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவலாக இருந்து, ஓட ஓடக் குறைந்தால் அது எலும்பை ஒட்டிய சவ்வு வலி. தூரத்தைக் குறைத்து, படி விளிம்பில் ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைப் பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை செய்தால் நாளடைவில் சரியாகும். ஆனால் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று இருந்தால், அந்தக் காலில் நொண்டியடித்தால் வலித்தால், இராத்திரி படுக்கும்போதும் வலித்தால், அது எலும்பில் விழுந்த கீறலாக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்து. எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் தெரியாமல் போகலாம், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதே. எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

இதற்கு மேல் எழுத வேண்டியதை அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். நீங்களே எழுதுங்கள் என்றுவிட்டாள். நாலு நாளாகப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன். மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா? நின்றிருந்தால் எத்தனை மாதம் ஆயிற்று? விசேஷமா என்று முதலில் பார், தைராய்டும் பார். இரண்டும் இல்லையென்றால் சோறு போதாமல் உடம்பு அதை நிறுத்தியிருக்கிறது. செலவுக்கு இல்லாதபோது வீட்டில் எதை முதலில் நிறுத்துவோமோ அது போல. மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும். ஓடுகிற பெண்களுக்கு இது சகஜம் என்று கூட ஓடுகிறவர்கள் சொல்வார்கள், நம்பாதே. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் இறங்கினால் எலும்பு மெலியும், மெலிந்த எலும்பில்தான் கீறல் விழும். ஹார்மோன் மாத்திரை போட்டால் இரத்தப்போக்கு வரும், குறை அப்படியே இருக்கும். சாப்பாடு கூட வேண்டும், ஓட்டம் குறைய வேண்டும். இரத்தம் சோதிக்கும்போது ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் எழுதிக் கேள். ஹீமோகுளோபின் சரியாக இருந்து சேமிப்பு காலியாக இருப்பது உண்டு.

இதை உன்னிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைக்கலாம். எட்டாம் வகுப்பில் நீ பெரியவளானதும், இனி கிரவுண்டு வேண்டாம் என்று சொன்னது நான்தான். உன் ஸ்பைக்ஸை வேறொரு பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அந்த வருஷமே அடுத்த தெருப் பெண்ணைப் போட்டிக்கு அனுப்பச் சொல்லி அவள் அப்பாவிடம் வாசலில் நின்று கெஞ்சினேன். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியதையும், பெண் உடம்புக்கு ஆகாது என்று அதை எடுத்துவிட்டு 1960 வரை திரும்ப வைக்காததையும் நான் வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன். பெண்களுக்கு மாராத்தான் 1984-இல்தான் வந்தது, நூறில் ஒரு பங்கு செகண்டில் உஷா வெண்கலத்தை விட்ட அதே ஒலிம்பிக்கில். எல்லாம் தெரிந்துதான் உன்னை நிறுத்தினேன். ஊர் வாய்க்குப் பயந்தேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். மாராத்தானை என்னிடம் சொல்லாமல் மறைத்ததற்கு மேலே கோபமாக எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், அதையும் படி. தப்பு என்னுடையது.

கடலை மிட்டாய் இரண்டு கிலோவும் கேப்பை மாவும் பார்சலில் போட்டிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை வரும். சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், அங்கேயே கறிக்கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கும், மாப்பிள்ளையை வாங்கி வரச் சொல். கீரை சாப்பிட்டால், இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சம்பழம் பிழிந்துகொள். டீ, காபி ஒரு மணி நேரம் கழித்து. ஜனவரிக்கு எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. கால் சரியாக இருந்து நீ ஓடினால் முப்பதாவது கிலோமீட்டரில் வாழைப்பழத்தோடு நிற்கிறேன். ஓட வேண்டாம் என்று டாக்டர் சொன்னாலும் நாங்கள் வருவோம், டிக்கெட்டை ரத்து செய்ய மாட்டேன்.

அடுத்த ஞாயிறு நீ ஓடி, குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகு பத்து மணிக்கு அம்மா போன் செய்வாள். எடு. நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், அவளிடம் சொல்.

அன்புடன்,
அப்பா