முன்னாய்வு என்பது பெயர்ப் பட்டியல் அல்ல

ஆசிரியருக்கு,

பல முனைவர் பட்ட ஆய்வேடுகளில், அதே பொருளில் முன்பு வந்த ஆய்வுகளை மதிப்பிடும் முன்னாய்வு இயல் 'இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்' என்றே நீள்கிறது. கட்டுரைகளைத் தனித்தனியே சுருக்கி அடுக்குவதால் வரும் வினை இது.

எழுதுமுன் எக்செல்லில், கட்டுரைக்கு ஒரு வரிசையாக, ஆறு கட்டம் போடுங்கள்: ஆண்டு, கேள்வி, தரவு, முறை, முடிவு, விடுபட்டது. கடைசிக் கட்டம்தான் உயிர். அதைத்தான் பலர் காலியாக விடுகிறார்கள். முப்பது கட்டுரை நிரம்பியதும் 'முடிவு' கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால் யார் யாரோடு முரண்படுகிறார் என்பது புலப்படும். அந்த முரணையே பத்தியின் முதல் வரியாக வையுங்கள்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பழைய ஆய்வேடுகள் இலவசம். ஆனால், மூலத்தைப் பாராமல் அவற்றின் மேற்கோளை எடுத்தால், பக்க எண் பிழையும் சேர்ந்தே வரும்.

– ஆய்வு நெறியாளர்கள் சிலர், மதுரை