ஆய்வுத் துறைக்குப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள முத்துக்குமார்,

உன் கடிதம் கிடைத்தது. வங்கியின் ஆய்வுத் துறையில், கிளைகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பு வந்ததும், மகள் சி.ஏ. இன்டர் தேறியதும் இரட்டைச் சந்தோஷம். அவளுக்கு என் ஆசிகளைச் சொல்.

ரிசர்வ் வங்கி விதிகளை, அவை பின்பற்றப்படுகின்றனவா என்று கவனிக்கும் இணக்கப் பிரிவு பார்த்துக்கொள்ளாதா, ஆய்வாளர் கிளைக் கணக்கைப் பார்த்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது. விதி முதலில் இறங்குவதே கணக்கில்தான். எந்தக் கடனைக் கொடுப்பது, எதைத் தள்ளுவது என்று தலைமை அலுவலகம் எடுக்கும் முடிவு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

ரிசர்வ் வங்கியின் 2021 நவம்பர் 12 சுற்றறிக்கையையே எடுத்துக்கொள். மார்ச் 31-இல் கட்டவேண்டிய தவணை, அன்றைய டே-எண்ட் (நாள் முடிவில் கணினி கணக்கை முடிக்கும் வேலை) ஓடும் முன் முழுதாக வரவில்லையென்றால் அன்றே அது நிலுவை. ஏப்ரல் 30 டே-எண்டில் எஸ்.எம்.ஏ.-1, மே 30-இல் எஸ்.எம்.ஏ.-2 (இரண்டும் வாராக்கடனாகுமுன் போடும் எச்சரிக்கைக் குறிகள்), 90 நாள் ஆனதும் ஜூன் 29-இல் வாராக்கடன். காலாண்டு முடியட்டும் என்று காத்திருக்க இடமில்லை. ஒரு தவணையை மட்டும் கட்டி 90 நாளுக்குக் கீழே இறக்கி, கணக்கைத் தேற்றிவிடும் வழியும் அடைபட்டது. வட்டியும் அசலுமாக நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் அது மறுபடி தரமான கடன்.

இதன் விலை என்ன தெரியுமா? 10 லட்சம் தனிநபர் கடனுக்குத் தரமான நிலையில் ஒதுக்கீடு (நட்டம் வந்தால் ஈடுகட்ட வங்கி எடுத்துவைக்கும் தொகை) 0.40 சதவீதம், அதாவது 4,000 ரூபாய். பிணையில்லாத அந்தக் கடன் வாராக்கடனான அன்று 25 சதவீதம், 2,50,000. வசூலாகாமல் வருமானத்தில் ஏற்றிய வட்டியையும் திருப்பி எழுதவேண்டும். அதோடு, தரமானதா வாராக்கடனா என்ற வகைப்பாடு கணக்குக்கு அல்ல, கடன்தாரருக்கு. ஒன்று விழுந்தால் அவருடைய மற்ற கடன்களும் விழும். ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண் இருக்கிறதா என்று முதலில் தேடு. பான் எண்ணை வைத்துப் பொருத்தினாலே பாதி அகப்படும்.

வகைப்பாட்டைக் கணினியே செய்யவேண்டும் என்று 2020 செப்டம்பர் 14 சுற்றறிக்கை சொல்லிவிட்டது. கைமுறையாக மாற்றினால் இரண்டு நிலை ஒப்புதலும் அதன் பதிவும் இருக்கவேண்டும். அந்தப் பதிவை வாங்கிப் பார். ஆனால் கணினி, நாம் ஊட்டிய தேதியைத்தான் நம்பும். சி.சி. கணக்கில் (சரக்கை ஈடாக வைத்து வியாபாரிக்குத் தரும் கேஷ் கிரெடிட் கடன்) மூன்று மாதத்துக்கு மேல் பழைய சரக்கு அறிக்கையை வைத்து எடுப்பு வரம்பு கணக்கிட்டால் கணக்கு ஒழுங்கற்றது. அப்படியே 90 நாள் நீடித்தால் வாராக்கடன். அதனால்தான் அறிக்கை வராமலே தேதியை மட்டும் புதுப்பிக்கும் தவறு நடக்கிறது. திரையில் தெரியும் தேதியையும் கோப்பில் உள்ள காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்திடாதே.

இனி வியாபாரம். கடனின் இடருக்கு ஏற்ப வங்கி எவ்வளவு மூலதனம் வைக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் அளவு இடர் எடை. 2023 நவம்பரில் தனிநபர் கடனுக்கு அது 100-இலிருந்து 125 சதவீதமானது. 11.5 சதவீத மூலதனக் கணக்கில், 10 லட்சம் கடனுக்கு 1,15,000 ரூபாய் ஒதுக்கிய இடத்தில் 1,43,750 தேவைப்பட்டது. நகைக்கடனுக்கு இந்த உயர்வு கிடையாது. தலைமை அலுவலகம் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டாம்.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு காரணமும் சேர்கிறது. வங்கிகள் கட்டாயம் கடன் தரவேண்டிய முன்னுரிமைத் துறைகளில் விவசாயத்துக்கு 18 சதவீத இலக்கு உண்டு. விவசாய நகைக்கடன் அந்த இலக்கை எளிதாக நிரப்புகிறது. தங்கமும் பெட்டகத்தில் இருக்கிறது. தவறு இங்கேதான் முளைக்கிறது. கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனை விவசாயக் குறியீட்டில் போட்டுவிட்டால், இலக்குக் கணக்கு பொய்யாகிறது. பயிர்க்கடனுக்கோ 90 நாள் கிடையாது: குறுகியகாலப் பயிருக்கு இரண்டு பருவம், ஓராண்டுக்கு மேற்பட்ட பயிருக்கு ஒரு பருவம் நிலுவை நின்றால்தான் வாராக்கடன். எனவே உண்மையான நிலுவை மாதக்கணக்கில் மறைந்துகிடக்கும். ஒரே குறியீட்டில் இரண்டு விதிகள் கெடுகின்றன. இதைச் சிறு பிழை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதே. தங்கம் கையில் இருக்கிறதே என்ற வாதமும் நிற்காது. வைப்புத்தொகை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் போன்றவற்றின்மேல் தரும் கடனுக்கு, போதிய மார்ஜின் (கடனைவிட ஈட்டின் மதிப்பு கூடுதலாக இருக்கும் அளவு) இருக்கும்வரை வாராக்கடன் விதியிலிருந்து விலக்கு உண்டு. நகைக்கு அந்த விலக்கு இல்லை.

2025 ஜூன் 6-இல் வந்த நகைக்கடன் நெறிமுறைகளையும் படித்துவிடு. எல்லா வங்கியும் மாற அவை வைத்த கெடு 2026 ஏப்ரல் 1. நுகர்வுக் கடன் 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முடிவில் ஒரே தவணையாகக் கட்டும் கடனுக்கு, முதிர்வில் வரவேண்டிய மொத்தத் தொகைதான் இந்த வரம்புக்குள் அடங்கவேண்டும். 2 லட்சம் மதிப்புள்ள நகைக்கு 1,70,000 என்று அப்படியே கொடுத்துவிட முடியாது. ஓராண்டுக் கடனுக்கு 10 சதவீதத் தனிவட்டி என்றால் கையில் தருவது ஏறக்குறைய 1,54,500தான். மதிப்பும் முந்தைய நாள் விலை, 30 நாள் சராசரி விலை இரண்டில் குறைந்ததை வைத்து. கல்லுக்கு மதிப்பு இல்லை. அப்படிப்பட்ட கடனைப் புதுப்பிக்குமுன் சேர்ந்த வட்டியைக் கட்டியாகவேண்டும். ஒரே நாளில் மூடி, அதே நகையை வைத்துத் திறந்த கணக்குகளை எடுத்து, மூடிய பணம் எங்கிருந்து வந்தது என்று வவுச்சர் வரை போ. கிளையின் அலுவலகக் கணக்கிலிருந்தோ புதுக் கடனிலிருந்தோ வந்திருந்தால் அது வசூல் அல்ல.

முதல் ஆய்வுக்குக் கிளம்புமுன் விவசாய நகைக்கடன் பட்டியலில் ஒரு நூறு கணக்கை எடுத்து சர்வே எண், பயிர், பருவம், தவணைத் தேதி நான்கையும் ஒப்பிட்டுப் பார். என்ன கிடைத்தது என்று எழுது.

அன்புடன்,
சேகரன்