விழுங்கும் பயிற்சிக் கூடத்துக்கு மின்தூண்டல் கருவி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பக்கவாதத்தால் விழுங்க முடியாதவர்களின் தசைகளை லேசான மின்சாரத்தால் தூண்டிப் பயிற்சி தர நாம் இரவல் வாங்கிய மின்தூண்டல் கருவியை இம்மாதம் 30ஆம் தேதி திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சொந்தமாக 2 கருவிகள் வாங்கத் தேவையான தொகையில் பாதிதான் சேர்ந்திருக்கிறது. இப்பயிற்சிக்காக 11 பேர் காத்திருக்கிறார்கள்.

பக்கவாதம் என்றால் கைகாலுக்கு மட்டுமே பயிற்சி என்றிருந்த காலத்தில், தொண்டைக்கும் பயிற்சி வேண்டும் என்று இக்கூடத்தைத் தொடங்கியவர்கள் நம் பெரியவர்கள். ஒரு நாற்காலி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான் அன்றைய மூலதனம். மூக்கில் குழாயோடு வந்தவர் ஒரு வாய்த் தண்ணீரை இருமாமல் விழுங்கிய நாளை இன்றும் கண் கலங்கச் சொல்வார்கள்.

விழுங்குவது பிசகினால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதைத் தவிர்க்கப் பழக்கவே இக்கருவி. தாடைக்கடியைத் துடைத்து, கருவியின் ஒட்டுப்பட்டையை வைத்து மின்னளவைக் கூட்டும்போது முதலில் குறுகுறுக்கும்; பிறகு உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். நாவடி எலும்பைத் தூக்கும் தசைகள் சுருங்குகிற அந்த நேரத்தில் நோயாளி முயன்று விழுங்க வேண்டும். கருவி அவருக்காக விழுங்காது. பட்டையைக் கழுத்தில் கீழே ஒட்டினால் அதே எலும்பு கீழ்நோக்கி இழுபடும். ஆகவே பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் ஊதியமும் நம் கணக்கில் உண்டு. ஒருவருக்கு ஒட்டிய பட்டையை மற்றவருக்கு ஒட்டக் கூடாது. அந்தச் செலவு ஓயாதது.

ஒன்றை மறைக்க மாட்டோம். சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2018இல், பக்கவாதத்துக்குப் பின் இதனால் பலன் இருக்கக்கூடும், ஆனால் சான்றுகள் போதவில்லை என்றது. அதனால் வழக்கமான பயிற்சிகளோடு சேர்த்தே, மருத்துவர் அனுமதித்தவர்களுக்கு மட்டுமே தருகிறோம்.

சென்ற முறை கேட்காமலே கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வோம்! முதல் மாத ஓய்வூதியத்தை உறையோடு வைத்துவிட்டுப் போன ஆசிரியர், மகனின் திருமணச் செலவைக் குறைத்துக்கொண்டு கொடுத்த தாய், பெயர் எழுத வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டவர்கள், இவர்கள் குடும்பங்களை இறைவன் குறைவின்றி வைக்கட்டும்.

சென்ற கூட்டத்தில் தருகிறோம் என்று கை தூக்கியவர்களில் பலர் இன்னும் தரவில்லை. வருத்தத்தோடுதான் நினைவூட்டுகிறோம். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கைக்குட்டையோடு வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 25ஆம் தேதிக்குள் கூடத்தில் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கூடக் குழுவினர்