இருளர் குடியிருப்பு உதவி மையம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புகளுக்காக நாம் நடத்திவரும் உதவி மையத்தின் கையிருப்பு இந்தத் தை மாதத்தோடு தீர்கிறது. மாசி மகம் நெருங்கிவிட்டது. செங்கல் சூளையிலும் சவுக்குத் தோப்பிலும் சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் கன்னியம்மனைக் கும்பிட மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் அந்த நாட்களில்தான், யாருக்கு எந்த அட்டை இல்லை என்று ஒரே இடத்தில் கேட்டு எழுத முடியும். தவறினால் அடுத்த வருடம்தான்.

எங்கள் குழுவில் பாதிப்பேர் இருளர்கள். பெரியவர்கள் பெருமையோடு சொல்வதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1972-ல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து இருளர்களின் பாம்புத் தோல் பிழைப்பு போனது. 1978-ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் இருளர்கள் எடுத்துத் தரும் விஷம்தான் பெரும்பாலும் நாடெங்கும் விஷமுறிவு மருந்தாகிறது. வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் புளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்தச் சனத்தின் பிள்ளைத்தாய்ச்சி ஆஸ்பத்திரி வாசலில் "பிக்மி நம்பர் எங்கே?" என்று அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணைக் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கிறாள். சூளைக்குப் போன இடத்தில் பதிவு விட்டுப்போயிருக்கும். கூரை இடுக்கில் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்த அட்டை மழையில் ஊறி, எழுத்தே தெரியாது. 18,000 ரூபாய் மகப்பேறு உதவி கைநழுவும். பிள்ளைக்குப் பிறப்புச் சான்று இழுபறியாகும். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் தர வேண்டியது. ஒரு தடவை அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் அட்டை, வருமானச் சான்று இரண்டும் வேண்டும். அரசு திட்டம் போட்டிருக்கிறது; கூடப் போய் நின்று வாங்கித் தரத்தான் ஆள் வேண்டும்.

குடியிருப்பிலேயே படித்த இரண்டு பெண்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். மாதச் சம்பளம் இருவருக்கும் சேர்த்து ரூ.18,000. அறை வாடகை ரூ.4,000. பஸ், ஆட்டோ, ஜெராக்ஸ் ரூ.6,000. ஆக வருடத்துக்கு ரூ.3,36,000. வந்து சேர்ந்தது ரூ.2,10,000. குறைவது ரூ.1,26,000.

தந்தவர்களை மறக்க மாட்டோம். மேசை நாற்காலி தந்த மரக்கடைக்காரர், ராத்திரிப் பிரசவத்துக்குக் காசு வாங்காமல் வண்டி எடுத்த ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், சீட்டுப் பணத்தில் ஒதுக்கித் தந்த மகளிர் குழு அக்காமார்கள், முதல் மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்த ஆசிரியர் ஐயா, வாடகை பாக்கியைக் கேட்காமல் பொறுத்திருக்கும் வீட்டுக்கார அம்மா, எல்லோருக்கும் கன்னியம்மன் துணை நிற்பாள்.

போன ஆண்டு நன்கொடை தருவதாக எழுதித் தந்துவிட்டு இன்னும் தராதவர்கள் சிலர் உண்டு. திருவிழா வரியை ஒரு வீடும் பாக்கி வைக்காத ஊர் இது. நம் வயலில் அறுவடை செய்த கைகளுக்குக் கொடுப்பது தர்மக் கணக்கில் சேராது. அது நாம் பட்ட கடன்.

வரும் ஞாயிறு முதல் வீடு வீடாக வருகிறோம். ரூ.100 ஆனாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவு நோட்டு மையத்து மேசைமேலேயே இருக்கும். யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உதவி மையக் குழுவினர்