நமக்கு வர வேண்டிய மணல்

ராயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள பாப்பா,

போன வாரம் நீ அனுப்பிய ராட்டர்டாம் படங்களை அம்மாவும் நானும் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்தோம். கடலுக்குள் மணலைக் கொட்டித் தரையாக்கி அதன் மேல் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், "நம்ம ஊருல மட்டும் ஊர் முதல்ல வந்து ஹார்பர் ஏன்ப்பா அவ்வளவு லேட்டா வந்துச்சு?" என்று ஒரு கேள்வி. போனில் சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாய். அதே ஹார்பரில் முப்பத்தைந்து வருஷம் மூட்டை எண்ணியவனிடம் கேட்டுவிட்டுத் தப்ப முடியுமா? உட்கார்ந்து படி.

துறைமுகத்துக்குத் தோதான எதுவுமே நம் மெட்ராஸில் கிடையாது. குடா இல்லை, கப்பல் நுழைகிற ஆறு இல்லை. கூவமும் அடையாறும் கடலைத் தொடுகிற இடத்தில் பாதி நாள் மணல் அடைத்துக் கிடக்கும். இப்படி ஒரு திறந்த கரையைப் பார்த்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இதுதான் சரியான இடம் என்று அதன் அதிகாரி பிரான்சிஸ் டே முடிவு பண்ணினார். சாந்தோமில் அவருக்கு வேண்டிய பெண் ஒருத்தி இருந்தாள், அவளை விட்டுத் தூரம் போக மனசில்லை என்று அந்தக் காலத்திலேயே ஒரு கிசுகிசு உண்டு. அதை நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் தேடி வந்தது துணி. இந்தப் பக்கத்து நெசவுத் துணி மலிவாகவும் நன்றாகவும் கிடைத்தது. வந்தவாசி நாயக்கர் தாமர்ல வேங்கடாத்ரி சலுகைகளோடு இடம் தர முன்வந்தார். பேச்சை மொழிபெயர்த்து முடித்துக் கொடுத்தவர் துபாஷ் பேரி திம்மப்பா. 1639 ஆகஸ்ட் 22 தேதி போட்ட சாசனம் அது. மறு வருஷமே கோட்டை வேலை தொடங்கியது. நாயக்கரின் அப்பா சென்னப்பர் பெயரில் சென்னப்பட்டினம் வந்தது. அந்தப் பெயர் மறுபடி ஊர் முழுக்க ஒட்டிக்கொள்ள 1996 வரை ஆனது.

துணிக்காக வந்த ஊர் என்பதற்கு அடையாளம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. துணி வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. நெசவாளர்களைக் குடிவைத்த கவர்னர் காலெட்டின் பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. சின்னவளாக இருந்தபோது "யார் காலடிப்பா?" என்று கேட்பாயே, வெள்ளைக்காரன் காலடிதான்!

நடுவில் 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், மூன்று வருஷத்தில் ஒப்பந்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் இன்னொரு முற்றுகை. கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி ஒளிந்துகொள்கிறான் என்று பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்து, மக்களை வடக்கே தள்ளினார்கள். இடித்த இடத்தில்தான் இன்று ஹைகோர்ட் நிற்கிறது. தள்ளின இடம் ஜார்ஜ் டவுன்.

சரி, இத்தனை காலமும் கப்பல் எங்கே நின்றது என்கிறாயா? கரையை விட்டுத் தள்ளி, நடுக்கடலில் நங்கூரம் போட்டுத்தான். பெட்டியானாலும் குதிரையானாலும் கவர்னர் வீட்டு அம்மாவானாலும் மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். அதில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் வந்து மணலில் மோதினால் பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். மூன்று வரிசை அலையைத் தாண்ட வேண்டும். எந்த அலைக்கு நிற்பது, எந்த அலையோடு பாய்வது என்பது படகோட்டிகளுக்குத்தான் தெரியும். அலை பெரிதாக இருந்தால் படகும் போகாது, கட்டுமரம் மட்டும் போகும். கப்பலுக்குக் கடிதம் இருந்தால் கட்டுமரக்காரர் அதை நனையாமல் தலைத் தொப்பிக்குள் சொருகிக்கொண்டு போவார். என் தாத்தாவின் அப்பா மசூலாப் படகில் துடுப்புப் போட்டவர் என்று உன் ஆயா சொல்வாள். கரையேறும் முன் பாதி அலையில் படகை நிறுத்திக் கூலியை ஏற்றிக் கேட்பார்களாம். துரைகள் இதைத் திட்டித் திட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். நான் எங்கள் ஆட்கள் பக்கம்.

1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. அந்த ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்க்காமல் ஒருநாளும் நீ பள்ளிக்கூடம் போனதில்லை. உள்நாட்டிலிருந்து சரக்கு ரயிலில் வருகிறது, கடைசி ஒரு மைலுக்கு மட்டும் பழையபடி படகு. 1861இல் இரும்புத் தூண் ஊன்றிக் கடலுக்குள் ஒரு பாலம் நீட்டிப் பார்த்தார்கள். புயல் அதை நிம்மதியாக இருக்க விடவில்லை. அப்புறம் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877இல் இந்தக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைமலையாக அடுக்கியிருக்கிற படம் ஒன்று இருக்கிறது. அதே வருஷம் உள்ளூர்களில் ஜனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை எண்ணிப் பிழைத்தவன் நான். அந்தப் படத்தை என்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடிந்ததில்லை.

ஹார்பருக்கு வருகிறேன். 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் வைத்தார். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டி நடுவில் வாசல் விட்டது போலக் கல்சுவர். முடிகிற நேரத்தில், 1881 நவம்பரில் ஒரு புயல் அடித்து நொறுக்கிப் போட்டது. மறுபடி கட்டி முடிக்கப் பதினைந்து வருஷத்துக்குக் கிட்ட ஆனது. அப்படியும் வாசல் கிழக்கே பார்த்து இருந்ததால் அலை நேராக உள்ளே வந்தது, கூடவே மணலும் வந்தது. 1904இல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற எஞ்சினியர் அந்த வாசலை அடைத்து, வடகிழக்கில் புது வாசல் வைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்வார்கள். ஊருக்கு ஹார்பர் என்று நம்பிச் சொல்லும்படி ஒன்று கிடைத்தது அதற்கப்புறம்தான். கணக்குப் போட்டுப் பார், ஊர் பிறந்து இருநூற்று அறுபது வருஷத்துக்கு மேல்.

கிடைத்த கொஞ்ச நாளிலேயே, 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து குண்டு போட்டது. கரையோரம் இருந்த பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகள் பற்றி எரிந்தன. பயந்து ஊரைக் காலி பண்ணியவர்கள் ஏராளம். "அவன் சரியான எம்டன்" என்று ஆயா உன் சித்தப்பாவைத் திட்டுவாளே, அது அந்தக் கப்பல்தான்.

இனிமேல்தான் நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். நம் கரையில் கடல் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் மொத்தக் கணக்கில் வடக்குதான். அந்த வழியில் குறுக்கே ஒரு சுவர் வைத்தால் என்ன ஆகும்? மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிடும். ஹார்பருக்கு முன்னால் மெரினாவில் இவ்வளவு மணல் கிடையாது, கடல் ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1880களில் கிராண்ட் டஃப் என்ற கவர்னர் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார், மணலை வைத்தது ஹார்பர் சுவர். இன்று சில இடங்களில் 300 மீட்டருக்கும் மேல் நடந்தால்தான் தண்ணீர். ஊர் முழுக்க அதைக் கொண்டாடுகிறது.

சுவருக்கு வடக்கே இருக்கிற நமக்கு? வர வேண்டிய மணல் வரவில்லை, இருந்ததைக் கடல் எடுத்துக்கொண்டே இருந்தது. ஆயா பிறந்த குப்பம் காசிமேட்டுக்கு வடக்கே. அவள் பிறந்த வீடு இருந்த இடம் இப்போது தண்ணீர். மூன்று முறை உள்ளே தள்ளித் தள்ளிக் குடிசை போட்டார்களாம். அப்புறம் திருவொற்றியூர் வரை கரையில் பாறாங்கல் கொட்டினார்கள். மெரினாவில் பிள்ளைகள் பட்டம் விடுகிற நேரம் நம் பிள்ளைகள் கல் மேல் உட்கார்ந்திருக்கும். மெட்ராஸ் என்றால் மெரினா என்று யாராவது சொன்னால் எனக்கு வருகிற கோபம் உனக்குத் தெரியும். காரணம் இதுதான்.

ஆனால் நமக்குச் சோறு போட்டதும் அந்தச் சுவர்தான், அதையும் சொல்ல வேண்டும். நான் 1976இல் சேர்ந்தபோது ஒரு கப்பல் நாள்கணக்கில் நிற்கும். கொக்கியும் கையுமாகக் கூட்டம் கூட்டமாக ஆட்கள், விஞ்ச் சத்தம், மேஸ்திரியின் கத்தல். நான் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு எண்ணுவேன். 1983இல் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் வந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, எண்ணுவதற்கு எனக்கும் ஒன்றும் இல்லை. கொக்கி பிடித்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். 1985இல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு மலேசியாவுக்கு ஆட்கள் போகிற கப்பலும் நின்றது. 2001இல் எண்ணூரில் தனித் துறைமுகம். 2011இல் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் இங்கே கையாளக் கூடாது என்று ஹைகோர்ட் சொன்னது. ராயபுரத்து மாடிகளில் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே காய ஆரம்பித்தது. நான் ரிட்டையர் ஆன வருஷமும் அதுதான், அதனால் அந்த வேட்டிகளை அனுபவிக்க நேரம் கிடைத்தது.

2022இல் மெரினாவில் சக்கர நாற்காலி போவதற்கு மணல் மேல் மரப்பாதை போட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் இருக்கிற நிலையில் மணலில் நடக்க முடியாது இல்லையா, அந்தப் பாதையில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாதி தூரத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, "கல்யாணமாகி நாற்பது வருஷம் கழிச்சு இப்பதான் மாமியார் பொறந்த வீட்டு மண்ணைப் பார்க்கிறேன்" என்றாள். நம் மண் இல்லை, நமக்கு வந்திருக்க வேண்டிய மண் என்று திருத்தினேன். "ரெண்டும் ஒண்ணுதான், நடங்க" என்றாள்.

அன்புடன்,
அப்பா